குட்டியப் பாக்குறதுக்கு முன்னாடி தாயப் பாருங்க: வேலூர்ல லேப் குட்டி வாங்கின கதை

"ஹெவி போன் (கனமான எலும்பு), பிக் ஹெட், ஷோ குவாலிட்டி, வித் பேப்பர்னா ஒரு ரேட், வித்அவுட் பேப்பர்னா ஒரு ரேட்." லேப்ரடார் குட்டி வேணும்னு தெரிஞ்சவங்க நாலு பேர்கிட்ட சொல்லி வெச்சா போதும், வாட்ஸ்அப்ல இந்த மாதிரி மெசேஜ் வரிசையா வந்து விழும், கூடவே ரோஸ் கலர் துண்டு மேல உக்காந்து முழிக்கிற ஒரு குட்டி போட்டோ. அதே துண்டு, அதே குட்டி, அதே போட்டோ ரெண்டு வேற ஆளுங்ககிட்ட இருந்து எனக்கு வந்துச்சு, ஒருத்தர் ஆம்பூர்ல இருக்குன்றாரு, இன்னொருத்தர் ஓசூர்ல இருக்குன்றாரு. ரெண்டு பேருமே முதல்ல கேட்டது ஜிபேல அட்வான்ஸ்.

நம்ம வேலூர் சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவுல ஹைவேல உக்காந்திருக்கு பாருங்க, அதனால ரெண்டு பக்கத்து புரோக்கருக்கும் நாம வசதியான பார்ட்டி. "மேடம், நைட் பஸ்ல போட்டு விட்றேன், விடியக்காலைல க்ரீன் சர்க்கிள் பக்கம் வந்து டிரைவர்கிட்ட வாங்கிக்கோங்க"ன்னு ஒருத்தர் சர்வசாதாரணமா சொல்றாரு, ஏதோ மல்லிப்பூ பார்சல் அனுப்புற மாதிரி. அட்டைப்பெட்டில நாலு ஓட்ட போட்டு, லக்கேஜ் டிக்கில, தண்ணி கூட இல்லாம ராத்திரி பூரா வரணும் அந்த ஜீவன். தாய் எங்க இருக்குன்னு கேட்டா "ஃபார்ம்ல இருக்கு மேடம்", ஃபார்ம் எங்கன்னு கேட்டா "அது வெளியாளுங்கள விட மாட்டோம் மேடம்". அப்பவே போன கட் பண்ணிடணும், அதுக்கு மேல பேசறதுக்கு ஒண்ணும் இல்ல.

நான் ராணிப்பேட்டைல ஷூ கம்பெனில க்யூசில, அதாவது தரம் பாக்கற வேலைல இருக்கேன், ஷூவ பாத்தவுடனே அப்பர்ல, அதான் மேல் தோல்ல, எங்க சுருக்கம் எங்க தையல் விட்டிருக்குன்னு தேடற கண்ணு, அந்த புத்தி எல்லாத்துலயும் வந்துடும். அதனால குட்டி வாங்கறதுன்னு முடிவானதும் விலைய விட்டுட்டு என்ன என்ன பாக்கணும்னு தான் முதல்ல விசாரிச்சேன். வீட்டுக்காரருக்கு பொறுமை இல்ல, "நாய் தானே வாங்கறோம், பொண்ணா எடுக்கறோம்"னாரு. ஆனா பன்னெண்டு பதிமூணு வருஷம் நம்ம கூட இருக்கப் போற உசுரு, செருப்பு மாதிரி பிடிக்கலன்னா மாத்திக்க முடியாதில்ல.

இந்த பேப்பர், அதாவது வம்சாவளி பதிவு சர்டிபிகேட் விஷயத்த முதல்ல சொல்லிடறேன், நெறைய பேர் இதுல தான் ஏமாறாங்க. கேசிஐ, அதாவது கென்னல் கிளப் ஆஃப் இந்தியா, சென்னைல இருக்கு. தாய் தகப்பன் ரெண்டும் அங்க பதிவாகி இருந்தா குட்டிங்களையும் வளர்க்கறவங்களே பதிவு பண்ணலாம், அதுக்கு தோலுக்கு அடில மைக்ரோசிப் போட்டு அந்த நம்பர பேப்பர்ல எழுதுவாங்க. இதுக்கு ஆகுற செலவு, புரோக்கருங்க வித் பேப்பர் வித்அவுட் பேப்பர்னு சொல்ற அஞ்சாயிரம் ஆறாயிரம் வித்தியாசத்துக்கு கிட்டயே வராது. அப்போ அந்த "பேப்பர் இல்லாத ரேட்" எதுக்குன்னு யோசிங்க, ஒண்ணு தாய் தகப்பன் யாருன்னே தெரியாது, இல்லன்னா வேற ஏதோ குட்டியோட பேப்பர இந்த குட்டிக்கு ஒட்டறாங்க. சிப் நம்பரும் பேப்பர்ல இருக்கிற நம்பரும் ஒண்ணான்னு எந்த டாக்டர்கிட்டயாவது ஸ்கேனர் இருந்தா ஒரு நிமிஷத்துல பாத்துடலாம். இன்னொண்ணு, பேப்பர் இருக்குன்றதுக்காக குட்டி ஆரோக்கியமா இருக்குன்னு அர்த்தம் கிடையாது. அது வம்சாவளி மட்டும் தான் சொல்லும், இடுப்பெலும்பு எப்படி இருக்குன்னு சொல்லாது.

குடியாத்தத்துல என் சித்தி பையன் இப்படித்தான் ஒரு ஆளுகிட்ட ஆறாயிரத்துக்கு குட்டி வாங்கினான். முப்பது நாள் குட்டி, கைக்குள்ள அடங்கற சைஸு, பாக்கறவங்களுக்கெல்லாம் கொஞ்சணும்னு தோணும். வந்த ரெண்டு நாள் நல்லா ஆடிச்சு, அதுக்கப்புறம் சாப்பாட்டு பக்கம் திரும்பல, நுரை நுரையா வாந்தி, அப்புறம் ரத்தமா பேதி, அந்த நாத்தம் ஒரு தடவ மூக்குல ஏறினா மறக்காது. பார்வோ, நாய்க்குட்டிங்க குடல தாக்கற வைரஸ் நோய். டிரிப்ஸ் ஏத்தினாங்க, ஊசி போட்டாங்க, குட்டியோட விலைக்கு மேல ஆஸ்பத்திரிக்கு குடுத்தான், தங்கல. வித்தவன் போன்ல "நான் குடுக்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு தம்பி"ன்னுட்டு வெச்சிட்டான். அவன் சொன்னது ஒரு விதத்துல நிஜம் கூட, ஏன்னா பார்வோ வைரஸ் உள்ள போய் மூணு நாள்ல இருந்து ஒரு வாரம் பத்து நாள் கழிச்சுதான் வெளிய காட்டும். வித்த அன்னிக்கு துள்ளி குதிச்ச குட்டி உங்க வீட்டுக்கு வந்து விழுறது இதனாலதான், அதுக்குள்ள விக்கறவன் கைல காசு போய் சேந்துருக்கும்.

இதுல இன்னொரு கொடுமை, அந்த வைரஸ் மண்ணுல மாசக்கணக்கா, சமயத்துல வருஷத்துக்கு மேல கூட உசுரோட இருக்கும். சித்தி ஃபினாயில் போட்டு வாசல் திண்ணையெல்லாம் தேச்சு தேச்சு கழுவினாங்க, ஃபினாயிலுக்கெல்லாம் அது அசையாது. துணிக்கு போடற திரவ ப்ளீச் இருக்குல்ல, ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணி கலந்து, முதல்ல அழுக்க சுத்தமா கழுவிட்டு அப்புறம் இத ஊத்தி பத்து நிமிஷம் ஈரமா விடணும், அப்பதான் சாகும். மண் தரைக்கு அதுவும் வேலைக்கு ஆகாது. அதனால பார்வோ வந்த வீட்டுக்கு தடுப்பூசி முழுசா முடிக்காத குட்டிய கொண்டு வரவே கூடாது, ஊசி முடிச்ச பெரிய நாயா பாத்து எடுக்கறது நல்லது.

ஏன் எல்லாரும் முப்பது நாள்லயே தள்ளி விடறாங்கன்னு யோசிச்சிருக்கீங்களா? காரணம் ரொம்ப சிம்பிள். அந்த வயசுல தான் குட்டி பொம்மை மாதிரி இருக்கும், உடனே போகும். அதுக்கு மேல வெச்சிருந்தா ஒவ்வொண்ணும் தின்னு தீக்கும், பூச்சி மருந்து செலவு, ஊசி செலவு, எல்லாம் வளர்க்கறவன் தலைல. ஆனா சட்டப்படி எட்டு வாரம் ஆகாத குட்டிய விக்கவே கூடாது, 2017ல மத்திய அரசு போட்ட நாய் இனப்பெருக்க விதிமுறைல இருக்கு. அதுலயே வளர்க்கறவங்க மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு பண்ணணும், பொட்டைக்கு பதினெட்டு மாசம் ஆகாம குட்டி போட வைக்கக் கூடாது, எட்டு வயசுக்கு மேல கூடாது, ஆயுசுல அஞ்சு ஈத்துக்கு மேல கூடாதுன்னெல்லாம் இருக்கு. எத்தன பேர் மதிக்கறாங்கன்றது வேற கதை. ஆனா நாம போன்ல "அக்கா உங்களுக்கு ரெஜிஸ்ட்ரேஷன் இருக்கா, இது தாய்க்கு எத்தனாவது ஈத்து"ன்னு கேட்டாலே பாதி பேர் லைன்ல இருக்க மாட்டாங்க, அது நமக்கு லாபம் தான்.

எட்டு வாரம்ன்றது சும்மா சட்டத்துக்காக இல்ல. அஞ்சாவது வாரத்துல இருந்து எட்டாவது வாரம் வரைக்கும் குட்டிங்க ஒண்ண ஒண்ணு கடிச்சு விளையாடும்போது தான் எவ்வளவு அழுத்தி கடிச்சா எதிராளிக்கு வலிக்கும்னு கத்துக்குது. ஜாஸ்தியா கடிச்சா கூடப் பொறந்தது "கீச்"னு கத்தி விளையாட்ட நிறுத்திடும், தாய் உறுமும். முன்னாடியே பிரிச்சு எடுத்த குட்டிங்க நம்ம கைய சல்லடையா ஆக்கறது இந்த பாடம் நடக்காம போனதால தான்.

எங்களுக்கு குட்டி குடுத்த அக்கா காட்பாடி தாண்டி சித்தூர் போற பக்கம் இருக்காங்க. இவங்கள பத்தி சொன்னது எங்க கால்நடை டாக்டர் தான், இது ரொம்ப முக்கியமான டிப், விளம்பரத்த பாக்காதீங்க, டாக்டர கேளுங்க, யார் வீட்டு குட்டிங்க திரும்ப திரும்ப பேதியோட வருதுன்னும் யார் வீட்டு குட்டிங்க ஊசிக்கு மட்டும் வருதுன்னும் அவங்களுக்குத்தான் தெரியும். போன் பண்ணி "குட்டி இருக்காக்கா"ன்னேன். இருக்கு இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லாம என்கிட்ட கேள்வி கேக்க ஆரம்பிச்சாங்க. சொந்த வீடா வாடகையா, வாடகைன்னா ஹவுஸ் ஓனருக்கு தெரியுமா. பகல்ல வீட்ல யார் இருப்பாங்க. நீங்களும் சாரும் வேலைக்கு போனா குட்டிய யார் பாத்துக்குவா, ரெண்டு மாச குட்டிக்கு நாளைக்கு நாலு வேள சாப்பாடு போடணுமே யார் போடுவா. சங்கிலி போட்டு கட்டி வைக்கற ஐடியாவா. மொட்டை மாடில விட போறீங்களா, வேலூர் வெயில்ல மாடி தளம் எப்படி கொதிக்கும்னு தெரியும்ல. குழந்தைக்கு எத்தன வயசு. இதுக்கு முன்னாடி நாய் இருந்துச்சா, அது என்ன ஆச்சு.

கடைசி கேள்விக்கு நான் கொஞ்சம் தயங்கி, மாமனார் ஊர்ல கணியம்பாடில ஒரு நாட்டு நாய் இருந்துச்சு, வயசாகி செத்துச்சுன்னேன். "சரி, வயசாகி செத்துச்சுன்னா சந்தோஷம்"னாங்க. வீட்டுக்காரர் ஸ்பீக்கர்ல கேட்டுட்டு இருந்தவரு "இன்னா இது, காசு குடுக்கறது நாமளா அவங்களா"ன்னு மொறச்சாரு. ஆனா எனக்கு அந்த நிமிஷமே இவங்ககிட்ட தான் வாங்கணும்னு தோணிடுச்சு. நம்மள எதுவுமே கேக்காம குட்டிய குடுக்கறவன், நாளைக்கு ஒரு பிரச்சனைன்னு போன் பண்ணா நாம யாருன்னே கேப்பான்.

குட்டி அப்பவே இல்ல, தாய் சினையா இருக்கு, பொறந்து எட்டு வாரம் கழிச்சு தான்னு சொல்லி பேர மட்டும் எழுதிக்கிட்டாங்க, அட்வான்ஸ் வேணாம், வந்து பாத்துட்டு அப்புறம் குடுங்கன்னாங்க. பொண்ணு தெனமும் கேலண்டர பாத்துட்டு இருந்தா.

பாக்க போனப்போ மாமனாரும் வந்தாரு. அவரு ஆயுசுல பாதி பொய்கை மாட்டுச் சந்தைல கழிச்சவரு, செவ்வாய்க்கிழமை ஆனா இப்பவும் கால் அங்க இழுக்கும். வண்டில வரும்போதே "கன்னுக்குட்டி வாங்கணும்னா கன்ன பாக்க கூடாதும்மா, தாயோட மடிய பாரு, அது நிக்கறத பாரு, ஆள் கிட்ட போனா மிரளுதா பாரு"ன்னு சொல்லிகினே வந்தாரு. நாய்க்கும் அது அப்படியே பொருந்துது.

வாசல் கேட் கிட்டயே எங்கள நிறுத்திட்டாங்க. செருப்ப வெளிய விட சொன்னாங்க, ஒரு தட்டுல ப்ளீச் தண்ணி இருந்துச்சு கால நனைக்க சொன்னாங்க, சோப்பு போட்டு கை கழுவ சொன்னாங்க, "இன்னிக்கு வேற எங்கயாவது குட்டி பாத்துட்டு வரீங்களா"ன்னு கேட்டாங்க, ஆமான்னா இன்னொரு நாள் வாங்கன்னு அனுப்பி இருப்பாங்களாம். பார்வோ நம்ம செருப்புலயும் துணிலயும் தான் வீட்டுக்கு வீடு போகுது, அதுக்காக. குட்டிய பாக்க வர்றவங்கள எல்லாம் நேரா உள்ள விட்டு கைல குடுக்கற இடம்னா அங்க இருந்து கிளம்பிடுங்க.

உள்ள போனதும் நான் முதல்ல கவனிச்சது வாசனை. டெட்டால் நாத்தமும் இல்ல, மூத்திர நாத்தமும் இல்ல, பால்குடி குட்டிங்ககிட்ட வர்ற ஒரு லேசான புளிப்பு வாசனை மட்டும். குட்டிங்க இருந்தது வீட்டு வராண்டாலயே, மிக்சி சத்தம் டிவி சத்தம் பேரப்பசங்க கூச்சல் எல்லாத்துக்கும் நடுவுல. கீழ ரப்பர் மேட். ஏன்னு கேட்டேன், வழுவழு டைல்ஸ்ல குட்டி வழுக்கி வழுக்கி நடந்தா இடுப்பு மூட்டு கெட்டுடும்னாங்க, லேப்க்கு ஏற்கனவே இடுப்பு வீக், வீட்டுக்கு கொண்டு போனாலும் மேட் போடுங்க, ஒரு வயசு வரைக்கும் மாடிப்படி ஏத்தி இறக்காதீங்கன்னு அங்கயே ஒரு கிளாஸ் எடுத்தாங்க.

தாய் நாய் வந்துச்சு. பாக்க சுமார் தான், சொல்லப்போனா அழகாவே இல்ல, மடி தொங்கி, முடி கொட்டி, முதுகெலும்பு லேசா தெரியுது. பயந்துடாதீங்க, ஏழெட்டு குட்டிக்கு பால் குடுத்த தாய் அப்படித்தான் இருக்கும், அது நோய் இல்ல. தாய் புசுபுசுன்னு ஷோ நாய் மாதிரி இருந்தா தான் சந்தேகப்படணும், வேற நாய காட்டி இதான் தாய்னு சொல்றாங்களோன்னு. மாமனார் குந்திகினு உக்காந்தாரு, அது வந்து அவரு கைய மோந்துட்டு, அவரு வேட்டி மேலயே தலைய வெச்சு படுத்துடுச்சு. அவரு மெதுவா உதட்ட தூக்கி ஈற பாத்தாரு, ரோஸா இருந்துச்சு, காது உள்ள விரல விட்டு மோந்து பாத்தாரு, கால் விரல் சந்துல உண்ணி தேடினாரு. அக்கா சிரிச்சுகிட்டே "ஐயா தான் சரியான ஆளு"ன்னாங்க. அந்நியன் வந்து குட்டிங்க கிட்ட உக்காந்தும் தாய் பதறல பாருங்க, குட்டிங்க பாதி குணம் அங்க இருந்து தான் வருது.

தகப்பன் அங்க இல்ல. இது நெறைய பேருக்கு சந்தேகம் வரும், ஆனா இதுல தப்பு இல்ல, நல்லா வளர்க்கறவங்க தங்ககிட்ட இருக்கிற ஆண் நாய்க்கே போடாம, பொருத்தமான நாய தேடி வெளியூர் போய் இணை சேத்துட்டு வருவாங்க. தகப்பனோட போட்டோ, பேப்பர், ஓனர் நம்பர் எல்லாம் காட்டினாங்க. அப்புறம் ஒரு கவர்ல இருந்து எக்ஸ்ரே எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சாங்க, தாயோட இடுப்பு, ரெண்டு வயசு ஆனப்புறம் சென்னை வேப்பேரி கால்நடை காலேஜுக்கு கூட்டிட்டு போய் எடுத்தது. பந்து கிண்ணத்துல உக்காந்திருக்கிற மாதிரி தொடை எலும்பு குழில சரியா உக்காந்திருக்கணும், வெளிய பிதுங்கி இருந்தா குட்டிக்கும் வர வாய்ப்பு ஜாஸ்தி. இத காட்டறவங்க நம்ம பக்கம் ரொம்ப கம்மி. ஆனா லேப், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வீலர் மாதிரி பெரிய நாய் வாங்கறவங்க கேக்கவாவது கேளுங்க, கேக்க கேக்க தான் அவங்களும் எடுப்பாங்க.

குட்டிய நாங்க தேர்ந்தெடுக்கல, அவங்க தான் தேர்ந்தெடுத்தாங்க. பொண்ணுக்கு பிடிச்சது அவ பாவாடைய கவ்வி இழுத்துட்டு விடாம உறுமிகிட்டு இருந்த ஒரு தடியன். "அது வேணாம்டா கண்ணு, அவன் தோட்டம் இருக்கிற வீட்டுக்கு போறான், உனக்கு இவ"ன்னு பச்ச கயிறு கட்டின ஒரு பொட்டைய தூக்கி குடுத்தாங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கலர் கயிறு, நோட்டு புக்ல கலர் வாரியா எடை எழுதி வெச்சிருந்தாங்க, பொறந்த அன்னிக்கு இவ்வளவு, அடுத்த நாள் இவ்வளவுன்னு, நடுவுல ஒரு நாள் பச்சைக்கு எடை ஏறல, பக்கத்துலயே "புட்டிப்பால்"னு குறிப்பு. எங்க கம்பெனில லாட் வாரியா எழுதற ரிஜிஸ்டர் கூட இவ்வளவு ஒழுங்கா இருக்காது. ரெண்டு மாசம் தெனமும் பாத்தவங்களுக்கு எது துடுக்கு எது சாதுன்னு தெரியும், பத்து நிமிஷம் பாத்த நமக்கு என்ன தெரியும்.

இருந்தாலும் நம்ம பங்குக்கு பாக்க வேண்டியத பாத்துடணும். கண்ணுல பீளை இருக்கா, மூக்கு ஒழுகுதா, வயிறு பந்து மாதிரி உப்பி இருக்கான்னு பாருங்க, உப்பி இருந்தா பூச்சி. தொப்புள் கிட்ட தடவி பாத்தா சின்ன கொட்டை மாதிரி தட்டுப்பட்டா குடலிறக்கம், சின்னதுன்னா பெரிய விஷயம் இல்ல ஆனா சொல்லி விக்கணும். ஆண் குட்டின்னா ரெண்டு விதையும் இறங்கி இருக்கா. நாலு அடி நடக்க விட்டு பின்னாடி இருந்து பாருங்க. பின்னங்கால் பக்கம் பேதி காஞ்ச கறை இருக்கான்னு வால தூக்கி பாருங்க, வெக்கப்படாதீங்க. ராஜபாளையம் வாங்கறவங்களுக்கு ஒண்ணு, அந்த வெள்ளை நாய்ங்கள்ல பிறவி செவிடு வரும், குட்டி உங்கள பாக்காதப்போ பின்னாடி நின்னு சாவிக்கொத்த ஆட்டி பாருங்க, தனித்தனியா ஒவ்வொண்ணா பாக்கணும், கூட்டமா இருந்தா மத்தது திரும்பறத பாத்து இதுவும் திரும்பும்.

ஊசி கார்டுல பேனால "வேக்சின் டன்"னு மட்டும் எழுதி இருந்தா அது கார்டே இல்ல. மருந்து பாட்டில்ல இருந்து உரிச்ச ஸ்டிக்கர் ஒட்டி இருக்கணும், அதுல பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி, பக்கத்துல டாக்டர் கையெழுத்து, சீல். முதல் ஊசி ஆறுல இருந்து எட்டு வாரத்துக்குள்ள, அப்புறம் மூணு நாலு வாரத்துக்கு ஒண்ணுன்னு பதினாறு வாரம் ஆகற வரைக்கும் போடணும். ஏன் இத்தன தடவன்னா, தாய்ப்பால்ல வந்த எதிர்ப்பு சக்தி உடம்புல இருக்கிற வரைக்கும் ஊசி சரியா பிடிக்காது, அது எந்த வாரம் தீரும்னு குட்டிக்கு குட்டி மாறும், அதனால தான் விடாம போட்டுட்டே போறாங்க. "ஒரு ஊசி போட்டாச்சு மேடம், இனிமே ஒண்ணும் வராது"ன்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. ரேபிஸ் ஊசி மூணாவது மாசம். பூச்சி மருந்து ரெண்டாவது வாரத்துல இருந்தே ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ குடுத்திருக்கணும்.

விலை பதினெட்டாயிரம். வீட்டுக்காரர் பேரம் பேசினாரு, பதினஞ்சுன்னாரு. அக்கா கோவப்படல, சிரிக்கவும் இல்ல, தாய்க்கு சிசேரியன் ஆனதுக்கு பில்லு, குட்டி தீவனம், ஊசின்னு பொறுமையா சொல்லிட்டு, "சார், பேரம் பேசற காச முதல் மாச டாக்டர் செலவுக்கு வெச்சுக்கோங்க"ன்னாங்க, அவரு அடங்கிட்டாரு. ஒரு பேப்பர்ல எழுதி அவங்களும் நாங்களும் கையெழுத்து. மூணு நாளுக்குள்ள எங்க டாக்டர்கிட்ட காட்டணும், பிறவி கோளாறு ஏதாவது இருந்தா அவங்க பொறுப்பு. எப்பவாவது வளர்க்க முடியாம போனா வெளிய விக்கவோ ரோட்ல விடவோ கூடாது, எத்தன வயசானாலும் அவங்ககிட்டயே திருப்பி குடுத்துடணும். இந்த கடைசி வரிய எழுதி குடுக்கற ஆளுகிட்ட கண்ண மூடிட்டு வாங்கலாம்னு நான் சொல்லுவேன்.

கூட்டிட்டு வந்தது சாயந்திரம் வெயில் தாழ்ந்தப்புறம். கத்திரி வெயில் நேரத்துல குட்டி எடுக்கறத தள்ளி போடறது நல்லது, முடியலன்னா விடியக்காலைல போய் எடுங்க. தாய் படுத்திருந்த துணி ஒரு துண்டு குடுத்தாங்க, அந்த வாசனைல ராத்திரி அழுகை கொஞ்சம் கம்மி ஆச்சு, நின்னுடல, கம்மி ஆச்சு. வழில டீக்கடைல நிறுத்தினப்போ பொண்ணு குட்டிய கீழ விட போனா, வேணாம்னு மடிலயே வெச்சுகிட்டோம், தெரு நாய்ங்க மோந்துட்டு போற இடம், ஊசி முடியாத குட்டி கால் அங்க படவே கூடாது.

வீட்ல அடுத்த போராட்டம் மாமியாரோட. "இன்னாடி இது, பச்ச குட்டிக்கு பால் ஊத்தாம காஞ்ச தீனிய ஊற வெச்சு போட்டுகினு கீற"ன்னு. மாட்டுப்பால் நெறைய குட்டிங்களுக்கு ஒத்துக்காது, வயித்தால போகும், அப்போ அது பால் பேதியா பார்வோ பேதியான்னு தெரியாம நாம அலறணும். முதல் ஒரு வாரம் அவங்க போட்ட அதே தீனி, அதே நேரம், அப்புறம் தான் கொஞ்சம் கொஞ்சமா கலந்து மாத்தணும். மாமியார் ஒளிச்சு வெச்சு பால் ஊத்தினது பேதில தான் தெரிஞ்சுது, அதுக்கப்புறம் அவங்களே காவல்காரங்களா மாறிட்டாங்க, வர்ற விருந்தாளி பிஸ்கட் போட்டா கூட கத்துவாங்க. திராட்சை, கிஸ்மிஸ், சாக்லேட், வெங்காயம், இதெல்லாம் நாய்க்கு விஷம்னு ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்கோம்.

நம்ம ஊருக்குன்னே ஒரு விஷயம் சொல்லணும். ராணிப்பேட்டை, ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் இருக்கறவங்க வீட்ல தோல் துண்டு, பழைய அப்பர், கட்டிங் வேஸ்ட்டுன்னு ஏதாவது இருக்கும், குட்டிக்கு பல்லு ஊறுதுன்னு அத கடிக்க குடுத்துடாதீங்க. அது குரோம் போட்டு பதப்படுத்தின தோலு, கெமிக்கலும் சாயமும் ஏறினது, துண்டா முழுங்கினா குடல்லயும் அடைச்சுக்கும். தேங்கா நார் கூட வேணாம். ஈரத்துணிய முறுக்கி ஃப்ரீசர்ல வெச்சு குடுங்க, எங்க வீட்ல அதுதான் ஓடுது. இன்னொண்ணு உண்ணி. செவுத்து வெடிப்புல, சன்ஷேடு மூலைல ஏறி ஒளிஞ்சுகினு இருக்கும், நாய மட்டும் குளிப்பாட்டினா போதாது, செவுத்தையும் பாக்கணும். உண்ணி காய்ச்சல்ல நாய் சுருண்டு படுத்தா, ஈறு வெளுத்துச்சுன்னா அன்னிக்கே ரத்தம் டெஸ்ட் பண்ணிடுங்க, நாளைக்கு பாக்கலாம்னு விடாதீங்க.

எங்க சத்துவாச்சாரிலயே ஒரு வீட்ல ஹஸ்கி இருக்கு, நாள் பூரா ஏசி ரூம்ல. கரண்ட் போனா ஈரத்துணி போத்தி விசிறிகிட்டு உக்காந்திருக்காங்க. 2024ல தமிழ்நாடு அரசு ஒரு நாய் இனப்பெருக்க கொள்கை கொண்டு வந்து, ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக் மாதிரி சில வெளிநாட்டு ஜாதிங்க நம்ம தட்பவெப்பத்துக்கு ஆகாது, இங்க இனப்பெருக்கம் பண்ண வேணாம்னாங்க, கென்னல் கிளப்காரங்க கோர்ட்டுக்கு போனாங்க. அந்த வழக்கு எப்படியோ போகட்டும், மே மாசம் மத்தியானம் அந்த ஹஸ்கி மூச்சு வாங்கறத ஒரு தடவ பாத்தா போதும். லேப் கூட வெயில் தாங்கற நாய்னு சொல்ல மாட்டேன், எங்க வீட்ல காலைல ஆறரைக்குள்ள வாக்கிங் முடிஞ்சுடும். சிப்பிப்பாறை, கன்னி, கோம்பைன்னு நம்ம நாய்ங்க இருக்கே அத ஏன் வாங்கலன்னு கேப்பீங்க, ஆசை தான், ஆனா சிப்பிப்பாறை வேட்டை நாய், அதுக்கு ஓட இடம் வேணும், எங்க பக்கத்து வீட்ல கோழி இருக்கு, அதுக்கு மேல நான் சொல்ல வேணாம். தெருக்குட்டி எடுத்து வளர்க்கறதும் அருமையான விஷயம், அதுக்கும் இதே ஊசி கணக்கு தான்.

பச்சக்கயிறு பேரு இப்போ மல்லி. அக்கா இன்னமும் போன் பண்றாங்க, எடை கேப்பாங்க, போட்டோ கேப்பாங்க, குண்டா இருந்தா திட்டுவாங்க, விலா எலும்பு கண்ணுக்கு தெரியக்கூடாது ஆனா கைக்கு தட்டுப்படணும்னு. போன வாரம் எங்க லைன் சூப்பர்வைசர் பையன் பொறந்தநாளுக்கு ஒரு லேப் வேணும்னு என்கிட்ட வந்தாரு, நம்பர் குடுத்தேன். தாய்க்கு இந்த சீசன் ரெஸ்ட், அடுத்த ஈத்து எப்பன்னு இப்ப சொல்ல முடியாதுன்னுட்டாங்களாம். "இன்னா மேடம் இப்படி சொல்றாங்க, வர்ற இருபதாம் தேதி பொறந்தநாளாச்சே"ன்னு வந்து நின்னாரு. பையனுக்கு சைக்கிள் வாங்கி குடுங்க சார், லிஸ்ட்ல பேர எழுதி வைக்க சொல்லுங்கன்னேன். சைக்கிள் வாங்கிட்டாரு, பேரும் எழுதியாச்சு, இப்போ அவருகிட்டயும் அக்கா மொட்டை மாடி கேள்வி கேட்டுகினு இருக்காங்களாம்.